குழி வெட்டியவர் பெயர் எங்கே?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாட்களும், மாங்கூழ் ஃபேக்டரிகளில் ஆள் எடுக்கும் நாட்களும் நம் பக்கத்தில் ஒட்டி ஒட்டியே வருகின்றன. சித்தூர் வட்டாரத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் சோதனை. பிள்ளை தேறிவிட்டான் என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அடுத்த வாரமே நாலு காசு சம்பாதிக்கக்கூடிய கை வீட்டில் சும்மா இருக்கிறதே என்ற கவலை மறுபக்கம். குடிபாலாவில் நம் சங்கத்துக்கு யோசனை கேட்க வரும் பெற்றோர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு.

"எம்.பி.சி. குரூப்பா? கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் நமக்கு எதுக்குங்க? அது பெரிய எடத்துப் பசங்க படிக்கிறது."

தோழர்களே, இப்படிச் சொல்லும் தாய் தகப்பனை நாம் குறை சொல்லமாட்டோம். அன்றாடக் கூலியை எண்ணி அடுப்பு மூட்டும் வீட்டில், இண்டர் இரண்டு வருடம், அதற்கு மேல் நாலு வருடம் என்று காத்திருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வார்த்தையில் பாதி நியாயம், பாதி பொய். பணம் இல்லை என்பது நியாயம். "அது நம்முடையது அல்ல" என்பது பொய். நவீன பௌதிகத்தின் வரலாற்றில் நம் பாட்டன் முப்பாட்டன்மாரின் வியர்வை கலந்திருக்கிறது. அதை நமக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இம்மாதம் இக்கட்டுரை.

மொகிலி மலைக்கு அப்பால்

குடிபாலாவிலிருந்து சித்தூர் போய், மொகிலி மலையேறி, பலமனேர், வி.கோட்டா வழியாகப் போனால் கோலார் தங்கவயல். நம் பெரியவர்கள் வெறுமனே "கோலார்" என்பார்கள். "எங்க தாத்தா கோலாருக்குப் போனவரு" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் இருக்கின்றன.

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. மைசூர் சமஸ்தானத்து மண், வெள்ளைக்காரன் மூலதனம், உழைப்பு மட்டும் பெரும்பகுதி தமிழன் உழைப்பு. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நிலமில்லாத கூலிகள், அதிலும் பெரும்பாலும் ஊருக்கு வெளியே சேரியில் ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள், குடும்பம் குடும்பமாகப் போய்ச் சேர்ந்தார்கள். சித்தூரே 1911இல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை வட ஆற்காட்டின் பகுதிதான். ஆகவே பழைய கதைகளில் "வட ஆற்காட்டுக்காரன்" என்று வரும் மனிதனில் நம் ஊர்க்காரனும் அடக்கம்.

அவர்கள் வாழ்ந்தது மூங்கில் தட்டி வீடுகளில். 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து நூறு மைல் அளவு கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரமே மின்விளக்கைக் கண்டது 1905இல்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்து எந்திரங்களுக்காக; தட்டி வீட்டுக்காக அல்ல.

தொழிலாளியின் கையில் எண் பொறித்த உலோகக் காப்பு. 1930இல் கைரேகைப் பதிவு என்று வந்தபோது தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்ற கேள்வியோடு ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் ஓய்ந்து கிடந்தன. 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் தியாகிகளின் நினைவு இன்றும் தங்கவயலில் போற்றப்படுகிறது.

கீழே போகப் போக வெப்பம். மிக ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். அப்படி வெடித்தால் மேலே வீடுகள் நிலநடுக்கம் வந்தாற்போல ஆடும். இவை போக, கண்ணுக்குத் தெரியாத எமன் ஒன்று: பாறைத் தூசி. நுரையீரலில் படிந்து மனிதனை மெல்ல மெல்ல மூச்சடைக்கச் செய்யும் சிலிகோசிஸ் நோய். 1940களில் தங்கவயலில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பரிசோதித்தபோது, ஐந்து பேரில் இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது.

இப்படி உயிரைக் கொடுத்து வெட்டிய குழி, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஏறத்தாழ 800 டன் தங்கம் அந்த வயலிலிருந்து வெளியே போனது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கூலி லைன் மக்கள் எழுத்தறியாத கூட்டம் என்று எண்ணிவிடாதீர்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய மண் அது. அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. பகலெல்லாம் பாறையை உடைத்தவர்களிடையே சாதி ஏன், சடங்கு ஏன் என்ற விவாதம் நடந்தது. கேள்வி கேட்பதுதான் விஞ்ஞானத்தின் முதல் படி என்றால், அந்தப் படியில் அவர்கள் ஏற்கெனவே ஏறி நின்றார்கள்.

அமைதி தேடி வந்தவர்கள்

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் ஏறி வானத்துக்குப் போனார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். பூமிக்கு வெளியிலிருந்து ஏதோ நம் மேல் பொழிந்துகொண்டே இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குக் காஸ்மிக் கதிர் என்று பெயர். அது காற்று மண்டலத்தில் மோதும்போது சிதறும் துகள்களில் ஒரு வகை மியூவான். இப்போது நீங்கள் இந்தப் பத்திரிகையைப் பிடித்திருக்கும் உள்ளங்கை வழியாக ஏறத்தாழ நொடிக்கு ஒன்று வீதம் மியூவான்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும் அதற்கு ஒன்றுதான்.

இந்தக் கதிரின் பலத்தை எப்படி அளப்பது? பூமிக்குள் எவ்வளவு ஆழம் வரை துளைத்துக்கொண்டு வருகிறது என்று பார்ப்பது ஒரு வழி. அதற்கு ஆழமான குழி வேண்டும். அந்தக் குழியை நம் ஆட்கள் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தார்கள்.

1945இல் டாட்டா அறக்கட்டளையின் உதவியோடு டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவர் ஹோமி பாபா. அவர் அனுப்பி, 1951இல் பி.வி. ஸ்ரீகண்டன் என்ற இளம் விஞ்ஞானி தங்கவயலில் மியூவான்களை அளக்கத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் எம்.ஜி.கே. மேனன் முதலியோர், ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்த மியாகே என்பவரோடு சேர்ந்து இன்னும் ஆழத்துக்குப் போனார்கள். 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்து இரண்டு மாத அளவு காத்திருந்தார்கள். ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை.

ஒன்றும் பதிவாகாததுதான் பெரிய செய்தி! ஏனென்று கேளுங்கள். சந்தை இரைச்சலில் ஒரு குழந்தையின் கொலுசுச் சத்தம் காதில் விழுமா? விழாது. நடுச்சாம அமைதியில் விழும். பாபாவின் விஞ்ஞானிகள் தேடிய கொலுசுச் சத்தத்தின் பெயர் நியூட்ரினோ. 1930இல் பௌலி என்ற அறிஞர் "இப்படி ஒன்று இருக்க வேண்டும்" என்று கணக்கில் ஊகித்த துகள் அது. மின்சுமை கிடையாது; எதோடும் எளிதில் மோதாது; பூமி உருண்டையையே ஊடுருவிப் போய்விடும். 1956இல் அமெரிக்காவில் அணு உலையிலிருந்து வரும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வானத்துக் கதிர்களால் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை மட்டும் யாரும் கண்டதில்லை. அதைக் காண, மற்ற இரைச்சலெல்லாம் பாறையில் அடங்கிப்போன இடம் தேவை.

தங்கவயலில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து கருவிகளை நிறுத்தினார்கள். எதிரெதிராகச் சுவர்போல நிற்கும், துகள் பட்டால் மினுங்கும் பலகைகள்; நடுவே நியான் குழாய்கள். மேலிருந்து நேராக வந்தால் அது பாறையைத் தாண்டி எஞ்சிய மியூவானாக இருக்கலாம். பக்கவாட்டில் வந்தால்? அந்தத் திசையில் பாறையின் கனம் பல மடங்கு. எந்த மியூவானும் அவ்வளவு தூரம் தாண்டி வர முடியாது. ஆகவே அது பக்கத்துப் பாறையில் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க வேண்டும். 1965இல் அப்படிச் சில பதிவுகள் கிடைத்தன. விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் உலக விஞ்ஞானம் நிமிர்ந்து பார்த்தது. முடிவு 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில் அச்சேறியது.

இதில் அரசியல் இல்லையா? இருக்கிறது. அந்தக் காலத்தில் பணக்கார நாடுகள் கோடி கோடியாகக் கொட்டித் துகள்களை மோதவிடும் ராட்சத எந்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தன. புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாட்டால் அது முடியாது. வானத்துக் கதிருக்கு விலை கிடையாது. அது பம்பாய்க்கும் ஒன்றுதான், கலிபோர்னியாவுக்கும் ஒன்றுதான். ஆகவே வானத்தையும் சுரங்கத்தையும் நம்பி நம் விஞ்ஞானிகள் உலகப் பந்தயத்தில் இறங்கினார்கள். அது புத்திசாலித்தனம். அந்த விஞ்ஞானிகளும் கேஜில் இறங்கி, அதே வெப்பத்தில் வேலை செய்தவர்கள்தான். அவர்களை நாம் மதிக்கிறோம்.

ஆனால் "செலவில்லாமல் கிடைத்த குழி" என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டோம். அந்தக் குழிக்கு விலை கொடுத்தாயிற்று. நுரையீரலாகவும், பாறை வெடிப்பில் போன உயிர்களாகவும் கொடுத்தாயிற்று. 1965 கட்டுரையின் தலைப்பில் பதினொரு ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன. குழி வெட்டியவர் பெயர் அதில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு தங்கச் சுரங்கம், இன்னொரு கறுப்புத் தோல்

இக்கதையில் நம்மை உலுக்கும் இடம் ஒன்று உண்டு. அதே 1965இல், அதே நியூட்ரினோவை வேறொரு கூட்டமும் தேடிக்கொண்டிருந்தது. எங்கே? தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே, கிழக்கு ராண்ட் தங்கச் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். அமெரிக்காவின் ஃபிரெடரிக் ரைன்ஸ் தலைமையில் அமெரிக்க, தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள். அவர்களுக்கு முதல் பதிவு 1965 பிப்ரவரி 23இல் கிடைத்தது. அச்சில் முந்தியது தங்கவயல். கண்ணில் பட்டதில் முந்தியது கிழக்கு ராண்ட். இரண்டையும் சேர்த்தே உலகம் கொண்டாடுகிறது.

அந்தச் சுரங்கத்தில் குழி வெட்டியவர் யார்? மொசாம்பிக், பசுட்டோலாந்து, நியாசாலாந்து என்று நாலா பக்கமிருந்தும் ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்ட கறுப்பினக் கூலிகள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, வேலி போட்ட கொட்டடிகளில் அடைபட்டு, நகரத்தில் நடக்கவே பாஸ் காட்ட வேண்டியிருந்தவர்கள். 1946 ஆகஸ்டில் அங்கே எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் அடக்குமுறையில் குறைந்தது ஒன்பது பேர் மாண்டார்கள். மூன்று மாதம் கழித்துத் தங்கவயலில் ஆறு பேர்!

ஒரே ஆண்டு. இரண்டு தங்கச் சுரங்கப் பகுதிகள். இரண்டிலும் இரத்தம். பத்தொன்பது ஆண்டு கழித்து, ஒரே ஆண்டில், இரண்டிலும் ஒரே கண்டுபிடிப்பு. இது தற்செயல் என்று சொல்லி நகர்ந்துவிட முடியுமா? தங்கத்தின் மேல் இருந்த பேராசை எங்கே மனிதனை மிக ஆழத்துக்கு விரட்டியதோ, அங்கேதான் நியூட்ரினோவைக் காணக்கூடிய அமைதியும் இருந்தது.

நிறவெறியைக் கண்டித்து 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்த நாடு இந்தியா. மண்டேலா ஆயுள் தண்டனை பெற்றது 1964இல். மேலே அரசுகள் பகையாக நின்ற காலத்தில், கீழே பாறை இரண்டு இடத்திலும் ஒரே உண்மையைச் சொல்லிற்று. விஞ்ஞானத்தின் பெருமை அது. அந்த உண்மை யார் தோளில் ஏறி வந்தது என்பதை மறந்தது, விஞ்ஞானத்தை நடத்துகிறவர்களின் சிறுமை.

வேறு இடங்களிலும் இதே கதைதான். 1898இல் கியூரி தம்பதியர் ரேடியம் கண்டது பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்துக் கழிவுக் கல்லில். அந்த மலைப்பகுதிச் சுரங்கத் தொழிலாளர் நுரையீரல் நோயால் மடிவது அதற்கும் முந்திய கதை. பின்னால், சோஷலிசம் பேசிய அரசும் அரசியல் கைதிகளை அதே சுரங்கத்தில் யுரேனியம் வெட்ட இறக்கியது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. 1945இல் ஜப்பான் மேல் போட்ட அணுகுண்டுகளுக்கான யுரேனியத்தில் பெரும்பங்கு பெல்ஜியத்தின் பிடியிலிருந்த காங்கோவின் ஷிங்கொலொப்வே சுரங்கத்திலிருந்து போனது. ஜப்பானில் கமியோகா சுரங்கத்திலிருந்து வழிந்த காட்மியம், ஆற்றில் கலந்து, உழவர் பெண்களின் எலும்பை உருக்கியது. 1968இல்தான் அரசு அதை ஒப்புக்கொண்டது. அதே சுரங்கத்தில் பின்னால் அமைந்த நியூட்ரினோ ஆய்வுக்கு 2002இலும் 2015இலும் நோபல் பரிசு கிடைத்தது.

தங்கம் தீர்ந்ததும் தண்ணீர்

1956இல் தங்கவயல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1962இல் மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. விஞ்ஞானமும் தொடர்ந்தது. 1980இல் 140 டன் இரும்பைக் கீழே அடுக்கி, புரோட்டான் என்ற அணுத்துகள் தானாகச் சிதைகிறதா என்று பார்க்கும் சோதனை தொடங்கியது. அந்தத் தேடலில் உலகிலேயே முன்னால் நின்றவற்றுள் ஒன்று அது. கமியோகாவில் இதே நோக்கத்தோடு கருவி இயங்கத் தொடங்கியது 1983இல்தான். புரோட்டான் சிதைவை இன்றுவரை எவரும் உறுதியாகக் காணவில்லை. அது வேறு விஷயம். நாம் பந்தயத்தில் முன்னால் இருந்தோம் என்பதுதான் செய்தி.

பிறகு தங்கம் குறைந்தது. ஆழ் மட்டங்கள் மூடப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் ஆய்வு நின்றது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கமே மூடப்பட்டது. பம்புகள் நின்றன, நூற்றிருபது ஆண்டு உழைப்பில் வெட்டிய சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. தொழிலாளர் குடும்பங்கள் பாக்கிப் பணத்துக்கும், குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கும் வருடக்கணக்காகப் போராட வேண்டியதாயிற்று. சயனைடு கலந்த மண்மேடுகள் ஊருக்கு மிஞ்சின. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். தாத்தா ஊர்விட்டுத் தங்கவயல் போனார். பேரன் தங்கவயல்விட்டுப் பெங்களூர் போனான்.

அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் என்று ஒரு தங்கச் சுரங்கம். அங்கே சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோவை அளந்த ரேமண்ட் டேவிஸ் 2002இல் நோபல் பரிசு பெற்றார். அதுவும் லக்கோட்டா பழங்குடி மக்களிடமிருந்து பறித்த மலைதான். அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. அங்கும் தண்ணீர் ஏறியது. ஆனால் பிறகு அதே தண்ணீரை இறைத்து வெளியேற்றி, விஞ்ஞானத்துக்காகவே மறுபடி திறந்தார்கள். இங்கே தங்கத்தோடு எல்லாம் போயிற்று.

பின்னால் நம் நாட்டு விஞ்ஞானிகள் நியூட்ரினோவுக்குப் புது இடம் தேடினார்கள். தேனி மாவட்டம் பொட்டிப்புரம் மலையைக் குடைய முடிவாயிற்று. 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேலையை நிறுத்தி வைத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு, திட்டத்துக்கு இடம் தர முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதில் நம் கருத்து என்ன? நியூட்ரினோ யாரையும் கொல்லாது. சூரியனிலிருந்து மட்டும் நம் உடம்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் நியூட்ரினோக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அதைக் காட்டி ஜனங்களைப் பயமுறுத்துவது தவறு. ஆனால் மலையைக் குடைந்தால் நீரோட்டம் என்னாகும், காடு என்னாகும், கல்லும் மண்ணும் எங்கே போகும் என்று அவ்வூர் உழவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முதலிலேயே, அவர்கள் மொழியில், சமமாக உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். தங்கவயலில் பாறை வெடிப்பு ஆபத்து உண்டு, பராமரிக்கப் பெரும் செலவு உண்டு என்று விஞ்ஞானிகள் சொன்னால் அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சுரங்கத்தை மூடும்போது எந்தத் தொழிலாளியை உட்காரவைத்து, "இதை வேறு எதற்கு வைத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டார்கள்? உழைப்பவனைக் கேட்காமல் திறந்ததை, அவனைக் கேட்காமலே மூடினார்கள்.

நம் கையில் இருப்பது

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் கடங்கி என்ற ஊரில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கும் ராடார் இருக்கிறது. மேல் வானத்துக் காற்றோட்டத்தை அளக்கும் கருவி அது. திருப்பதிக்கு அருகே ஏர்ப்பேடு பக்கம் ஐ.ஐ.டி.யும், விஞ்ஞானக் கல்விக்கான ஐசரும் இருக்கின்றன. இரண்டும் 2015இல் தொடங்கியவை. கட்டட வேலைக்குப் போகும் நம் ஆட்களுக்கு இம்மாதிரி வளாகங்கள் புதியவை அல்ல. கலவை போட்டுச் செங்கல் அடுக்கத் தெரிந்த வகுப்பறையில் நம் பிள்ளை உட்காரவும் வேண்டும் என்பதே நம் ஆசை. இது யாரிடமும் கேட்கும் பிச்சையல்ல. பாட்டன் சேர்த்து வைத்த சொத்தில் பேரனுக்குரிய பங்கு.

விஞ்ஞானம் என்றால் நோபல் பரிசு மட்டுமல்ல. நம்மில் எத்தனை பேர் சித்தூர் மாவட்டத்துக் கருங்கல் குவாரிகளில் டிரில் பிடிக்கிறார்கள்! தங்கவயல் தொழிலாளியைக் கொன்ற அதே பாறைத் தூசி கருங்கல்லிலும் இருக்கிறது. துளை போடும்போது தண்ணீர் விட்டால் தூசி அடங்கும் என்பது விஞ்ஞானம். "தண்ணீர் விட்டுத்தான் துளை போடுவோம், மாஸ்க் கொடு, வருடா வருடம் எக்ஸ்ரே எடு" என்று மேஸ்திரியிடம் நிமிர்ந்து கேட்பது தொழிற்சங்கம். முன்னது தெரிந்தால்தான் பின்னதைப் பலமாகக் கேட்க முடியும். இதை உணர்ந்துதான் சிங்காரவேலர் போன்ற மூத்த தோழர்கள் 1930களிலேயே தொழிலாளருக்காகத் தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார்கள். நாம் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. விட்டுப்போன வேலையைத் தொடர்கிறோம்.

ஆகவே இவ்வாண்டு நம் குடும்பங்கள் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம்.

முதலாவது: பத்தாவது தேறிய பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, கணக்கிலும் பிசிக்ஸிலும் விருப்பம் இருந்தால் எம்.பி.சி.யில் சேருங்கள். பண நெருக்கடி என்றால் ஃபேக்டரி மேஸ்திரியைப் பார்க்குமுன் சங்கத்தைப் பாருங்கள். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் என்ன வழி என்று சேர்ந்து யோசிப்போம்.

இரண்டாவது: தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்பது அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு மொழிச் சிறுபான்மையினருக்குத் தரும் வாக்குறுதி. தெலுங்கை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்கட்டும். அது நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி. ஆனால் கணக்கும் விஞ்ஞானமும் முதலில் தாய் பேசும் மொழியில் புரிந்தால்தான் பயம் போகும். இந்தப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடங்களைக் காப்பதும், வகுப்பை மூட வந்தால் கூடிக் கேட்பதும் நம் கடமை.

மூன்றாவது: உங்கள் வீட்டில் "கோலாருக்குப் போனவர்" யாராவது இருந்தால், அவர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஷாஃப்டில் இறங்கினார், எந்த லைனில் குடியிருந்தார், கீழே விஞ்ஞானிகளைக் கண்டதுண்டா, கேஜில் இரும்பு இறக்கிக் கொடுத்தாரா என்று கேட்டுப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய சம்பளச் சீட்டு, போட்டோ, எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். விஞ்ஞானிகள் தங்கள் பெயரை எழுதி வைத்தார்கள், அதில் தப்பில்லை. நம் பெயரை எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதும் பிள்ளை, தாத்தா கீழே வெட்டிய குழியில் உலகம் எதைக் கண்டது என்று கேட்கத்தான் போகிறது. கேட்டால் பதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கப்புறம், "பிசிக்ஸ் நமக்கு எதுக்குங்க?" என்ற பேச்சு நம் வீட்டில் எழாது.